எட்டாவது எட்டில் சுவர்

அண்ணாச்சி, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்களேன். பாதி போதும். வெயிலு நேரா மூஞ்சில அடிக்கு. ம், அவ்வளவுதான். காலைப் பாத்து வைங்க, கீழ கேமராப் பை இருக்கு. நீங்க சுரண்டைக்கா? நான் சேர்ந்தமரத்துல இறங்கிருவேன். இந்த வண்டி நின்னு நின்னு போற போக்குக்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆயிரும்.

ஆமா, போட்டோகிராபர்தான். சங்கரன்கோவில்ல ஸ்டுடியோ வச்சிருக்கேன், பேரு கோமதிநாயகம். கல்யாணத்துக்குப் போகல அண்ணாச்சி. வீட்டுக்காரியைக் கூப்பிடப் போறேன். அவ அண்ணன் வீட்டுல இருக்கா. ஆவணியில போனவ, இப்ப ஐப்பசி பாதி ஆச்சு. சண்டை ஒண்ணும் இல்ல. சண்டை போட்டிருந்தாக்கூட நாலு வார்த்தை பேசி சமாதானம் பண்ணிருக்கலாம். எல்லாம் இந்தச் சவத்து சென்சாரு பண்ணின வேலை.

சினிமாவுல வெட்டுவான்லா, அந்த சென்சார் இல்ல. இது வேற. ஆனா ஒண்ணு, இதுவும் வெட்டத்தான் செய்யும்.

எப்படிச் சொல்ல... முன்னால பிலிம்னு ஒண்ணு இருந்துச்சுல்லா? இப்ப அந்த எடத்துல ஒரு சில்லு இருக்கு. லென்ஸ் வழியா வாற வெளிச்சம் அதுல போய் விழும். அந்தச் சில்லுதான் சென்சாரு. அது எல்லாக் கேமராவுலயும் ஒரே அளவு கெடையாது. உங்க போன்ல இருக்கது ஒரு உளுந்தம்பருப்பு அளவு. நான் இத்தன வருசமா வச்சிருந்த கேமராவுல சின்னத் தபால்தலை அளவு. பழைய பிலிம்ல ஒரு படம் எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெருசு இருந்தா அதுக்குப் பேரு ஃபுல் பிரேம். அதுதான் இப்பக் கீழ இருக்கு, பைக்குள்ள. காலு படலல்லா?

இன்னா பாருங்க, இந்த ஜன்னலையே எடுத்துக்கிடுங்க. நீங்க ஷட்டரை இறக்குததுக்கு முன்னால அங்கன நிக்க கரண்டு எடுக்க காத்தாடி முழுசாத் தெரிஞ்சுது. இப்ப தூணு மட்டுந்தான் தெரியுது. காத்தாடி எங்கயும் போவல. நாமளும் அதே சீட்டுலதான் இருக்கோம். பாதியை அடைச்சாச்சு, அவ்வளவுதான். லென்ஸ் எல்லாத்தையும் கொண்டாந்து குடுக்கும், சில்லு சின்னதா இருந்தா ஓரத்துல நிக்கவங்க வெளிய போயிருவாங்க. இதுக்கு அவனுவ வச்சிருக்க பேரு கிராப். கிராப்புன்னா நமக்கு சலூன்ல வெட்டுததுதான் தெரியும். கேமராவுக்கும் கிராப்பு வெட்டிருக்கானுவ பாருங்க.

இது எனக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கீங்க? ஒண்ணரை மாசத்துக்கு முன்னால. சிரிக்காதீங்க. பன்னெண்டு வருசம் டிஜிட்டல்ல கல்யாணம் எடுத்தவனுக்கு ஒண்ணரை மாசத்துக்கு முன்னாலதான் தெரிஞ்சுது.

நான் தொழில் பழகினது பிலிம் கேமராவுல. அப்ப எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான். எட்டு எட்டு. மேடையில பத்துப் பேரு வரிசையா நிக்காங்கன்னா, அவங்களைப் பாத்தமேனிக்கே பின்பக்கமா எட்டு எட்டு வைக்கணும். ஒண்ணு, ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே போவேன். எட்டாவது எட்டுல நின்னு கேமராவைத் தூக்கினா, இந்தக் கடைசி ஆளும் அந்தக் கடைசி ஆளும் கச்சிதமா உள்ள இருப்பாங்க. எங்கூர்ல எனக்குப் பட்டப்பேரே எட்டெட்டு கோமதிதான்.

டிஜிட்டல் வாங்கினப்ப அந்தப் பழைய லென்ஸை விட மனசு வரல. அதையே மாட்டிக்கிட்டேன். கணக்கு உதைக்க ஆரம்பிச்சுது. எட்டு பத்தல, பத்து வச்சேன். பத்தும் பத்தல, பன்னெண்டு வச்சேன். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இப்பல்லாம் மண்டபத்தையே சின்னதாக் கட்டுதானுவ, ஆளுங்களும் தின்னு தின்னு அகலமாயிட்டானுவன்னு நெனச்சேன். ஒரு நாள் ஆவுடை சொல்லுதா, "இது நம்ம கல்யாணம் நடந்த மண்டபம்தாங்க, இடிச்சா கட்டினாங்க?"ன்னு. "சும்மா கெட, உனக்கென்ன தெரியும்"னுட்டேன்.

ஆவுடைதான் என் வீட்டுக்காரி. ஆவுடைத்தாய். எல்லாக் கல்யாணத்துக்கும் கூட வருவா. லைட்டுக் குடையைப் பிடிப்பா, லென்ஸ் பையைச் சுமப்பா, பொண்ணுக்கு முந்தி விலகியிருந்தா ஓடிப் போயி சரி பண்ணிட்டு ஓடி வருவா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. இருபத்திரெண்டு வருசமா நானும் அவளும்தான்.

இந்த ஆவணியில என் தங்கச்சி செண்பகத்தோட மக கல்யாணம், புளியங்குடியில. பொண்ணுக்குத் தாய்மாமன் நான். தாய்மாமனுக்கு எத்தன வேலை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். சீர்த் தட்டெல்லாம் ஆவுடைதான் தூக்கிட்டுப் போனா. கேமராவை விட்டுட்டு நான் எப்படிப் போக? வேற ஆளைப் போடுதேன்னு சொன்னதுக்கு, "எங்க அண்ணன் இருக்கும்போது இன்னொருத்தன் வந்து எடுக்கதா?"ன்னு செண்பகம் கேட்டுட்டா. அப்படிக் கேட்டது நமக்குப் பெருமைதான. மாமன் மாலை போட மட்டும் ஒரு நிமிசம் மேல ஏறினேன். அதைப் படம் எடுக்க ஆள் இல்ல, அது வேற கதை.

தாலி கட்டி முடிஞ்சு குடும்பப் படம். பொண்ணு மாப்பிள்ளையோட ரெண்டு வீட்டுப் பெரிய ஆளுங்களும் நிக்கணும், சுவர்ல மாட்ட. மொத்தம் பத்துப் பேரு. எங்க வீட்டுச் சார்பா ஆவுடை ஒருத்திதான். தட்டுகளை எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு, கடைசி ஆளா வந்து ஓரத்துல நின்னா. செண்பகம், "மதினி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்"னு சொன்னா. நகந்து நின்னா. தோள்ல என் பை தொங்குது.

நான் பின்னால எட்டு வச்சேன். ஆறு, ஏழு, எட்டு. ஒம்பதாவதுக்குக் காலைத் தூக்கினா முதுகுல சுவரு. மண்டபமா அது? நீளத்துக்குக் கட்டிட்டு மேடையைப் பக்கவாட்டுல போட்டிருக்கான், கூறு கெட்டவன். கண்ணை வச்சுப் பாக்கேன், ஏழு பேருதான் உள்ள இருக்காங்க. "நெருங்கி நில்லுங்க, தோளைத் திருப்புங்க, மாமா மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க"ன்னு கத்தி, கெஞ்சி, ஒம்பது பேரைக் கொண்டாந்துட்டேன். ஒரு ஆளுக்கு எடமில்ல.

அகலமா எடுக்க இன்னொரு லென்ஸ் உண்டு. அது அவ தோள்ல தொங்குத பையிலதான் கெடந்துச்சு. மாத்த ரெண்டு நிமிசம் ஆவும். சம்பந்தக்காரரு வாட்சைப் பாக்காரு. பந்தியில இலை போட்டாச்சுன்னு ஒருத்தன் வந்து நிக்கான். "எடுண்ணே, எடுண்ணே"ன்னு செண்பகம் பறக்கா. நீங்களே சொல்லுங்க, யாரையாவது விடத்தான செய்யணும்? சம்பந்தக்காரரை விட முடியுமா? மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவை விட்டா அங்கயே ஒரு பஞ்சாயத்து கூடிரும். ஆவுடை நம்ம ஆளுதான, ஒண்ணும் சொல்ல மாட்டா. கேமராவை இந்தப் பக்கமா இம்மி திருப்பி அமுக்கிட்டேன்.

படம் அருமையா விழுந்துச்சு. எல்லாருக்கும் கண்ணு தெறந்திருக்கு. பத்துப் பேரை எடுத்தா ஒருத்தனாவது கண்ணை மூடுவான், இதுல ஒருத்தருமே மூடல.

பத்து நாள் கழிச்சு ஆல்பம் வந்துச்சு. வந்த ஆல்பத்தைப் பக்கம் பக்கமா சரி பாக்கது எப்பவும் அவதான். நான் கடையில ஒரு பொடியனுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரமா பக்கம் திருப்புத சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா, அந்தக் குடும்பப் படத்தோட ஓரத்துல விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஓரத்துல என் லென்ஸ் பை விழுந்திருக்கு அண்ணாச்சி. பை முழுசா இருக்கு, ஜிப்பு முதக்கொண்டு தெரியுது. பையைச் சுமந்தவ இல்ல.

அவ ஆல்பத்தை மூடிட்டு எந்திரிச்சா. சோறு வச்சா, நான் சாப்பிட்டேன். அப்புறம் பீரோவுல இருந்த பழைய ஆல்பத்தை எல்லாம் எறக்கிப் போட்டு உக்காந்துட்டா. வீட்டு விசேசம், கோயில் கொடை, செண்பகத்துக்கு வளைகாப்பு, எங்க அப்பாவுக்கு அறுபதாங் கல்யாணம். நாலு மணி வாக்குல என்னைக் கூப்பிட்டா. ஒவ்வொண்ணாக் காட்டுதா. "இன்னா, இது என் கை. இது என் முழங்கை. இதுல என் சேலை. இதுல என் பை. நான் எங்கங்க?"

இதுல பாதி பிலிம்ல எடுத்தது, பிரிண்டு போடுதவன் ஓரத்தை வெட்டிருப்பான்னு சொன்னேன். நெசமாவே அவனுவ வெட்டுவானுவ அண்ணாச்சி, நான் பொய் சொல்லல. அவ எல்லா ஆல்பத்தையும் பழையபடி அடுக்கி வச்சா. அஞ்சரை மணி வண்டிக்குக் கெளம்பிட்டா. அண்ணனைப் பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்துருவான்னு நான் நெனச்சேன்.

பதினஞ்சு நாள் ஆச்சு. ரெண்டு முகூர்த்தத்துக்கு நான் ஒத்தையில போனேன். குடையை நாற்காலியில கட்டி வச்சு எடுத்தேன். அப்பத்தான் திருநெல்வேலியில ஒரு கேமராக் கடைக்குப் போனேன், பேட்டரி வாங்க. பேச்சுவாக்குல, எட்டு எட்டு பத்த மாட்டேங்குதேன்னு சொன்னேன். அந்தக் கடைக்காரரு ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டாரு. வட்டத்துக்குள்ள பெரிய கட்டம், அதுக்குள்ள சின்னக் கட்டம். "உங்க லென்ஸ் பெரிய கட்டத்துக்கு வரைஞ்சு குடுக்கு, உங்க கேமரா சின்னக் கட்டத்துல வாங்குது. எட்டு எட்டுக்குப் பதிலா பன்னெண்டு எட்டு வைக்கணும்"னாரு. எனக்குத் தலையில இருந்து ஒரு மூட்டையை எறக்கின மாதிரி இருந்துச்சு. மண்டபமும் சுருங்கல, மனுசனும் தடிக்கல. என் மேலயும் தப்பு இல்ல!

கடை வாசல்ல நின்னே போன் போட்டேன். "ஆவுடை, தப்பு என்னுது இல்லட்டி, சென்சாருதான் சின்னது"ன்னேன். வட்டம் கட்டம் எல்லாம் வெளக்கிச் சொன்னேன். அவளும் கேட்டுக்கிட்டே இருந்தா. எல்லாம் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"படம் எடுக்க முன்னால அந்த ஓட்டையில கண்ணை வச்சுப் பாக்கீங்கல்லா? அதுல நான் தெரிஞ்சேனா, தெரியலையா?"

வண்டிச் சத்தத்துல கேக்கலன்னு சொல்லிப் பாத்தேன். திரும்பவும் அதையே கேட்டா. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, ஓட்டையில அவ தெரியல. ஓட்டையில தெரியுததை விட ஓரத்துல ஒரு இம்மி கூடத்தான் படத்துல விழும், அந்தப் பை விழுந்ததே அந்த இம்மியிலதான். நான் பாத்தப்ப பையும் தெரியல. ஓரம் சுத்தமா இருக்குன்னுதான் அமுக்கினேன்.

ஆனா நாங்க ஒத்தக் கண்ணைத்தான் கேமராவுல வைப்போம். இன்னொரு கண்ணு தெறந்துதான் இருக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சா. நான் "ரெடி"ன்னதும் முந்தியை இழுத்து விட்டுக்கிட்டு, எல்லாரையும் மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னா. படத்துல தானும் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு நின்னா. இதைப் போன்ல எப்படிச் சொல்ல முடியும்?

அவளே சொன்னா. "நான் முழுசா இருக்க படம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. நீங்க எடுத்ததா இருக்கணும். அன்னிக்கே வாரேன்." வச்சிட்டா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பைக்கை வித்துட்டு ஃபுல் பிரேமே வாங்கிட்டேன். அவ கேட்டது ஒரு படம், நான் கொண்டு போறது கேமராவே! அதான் இந்த வயசுல பஸ்ல இடிபட்டுக்கிட்டு வாரேன். இனிமே எட்டு எட்டு வச்சா எட்டு எட்டுதான். நேத்து வீட்டுல ஒத்தையில நின்னு எண்ணிப் பாத்தேன். கச்சிதம். எதிர்த்த சுவரு முழுசா விழுது. ஆளு யாரும் இல்ல, சுவருதான்.

என்ன கேக்கீங்க? படமா? ஆமா, படமும் தேடினேன்.

ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாமக் கேளுங்க. அவளை எடுத்த மாதிரி நான் இந்த லோகத்துல யாரையும் எடுத்ததில்ல. எந்தக் கல்யாணமா இருந்தாலும் முதல் படம் அவதான். பொண்ணு மாப்பிள்ளை வாறதுக்கு முன்னால மேடையில வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்லா? "ஆவுடை, போயி நில்லு"ம்பேன். பொண்ணு நிக்க எடத்துல போயி நிப்பா. நட்ட நடுவுல. ரெண்டு படம், மூணு படம் எடுப்பேன். வெளிச்சம் சரியாயிட்டுன்னா அழிச்சிருவேன். மெமரி கார்டுல எடம் வேணும்லா? வருசத்துக்கு நாப்பது கல்யாணம்னு வைங்க, பன்னெண்டு வருசம். எத்தன தடவை நின்னிருப்பா, எத்தன தடவை அழிச்சிருப்பேன்! எடுத்ததும் "நல்லாருக்கா?"ன்னு கேப்பா. "நல்லாருக்கு, எறங்கு"ம்பேன். நான் வெளிச்சத்தைச் சொன்னேன். அவ எதைக் கேட்டாளோ, அது எனக்கு இப்பத்தான் தோணுது.

மூணு நாள் தேடினேன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் பூரா, பழைய கார்டு பூரா. ஊர்ப்பட்ட பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் இருக்கு. கடைசியில மேசை டிராயருக்குள்ள ஓரம் உடைஞ்ச ஒரு கார்டுல ஒண்ணு ஆப்பிட்டுது, அழிக்க மறந்தது. பிரிண்டு போட்டுச் சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். இன்னா பாருங்க. ஓரத்தைப் பிடிங்க, விரல் படும்.

முழுசா இருக்காள்லா? தலையில இருந்து காலு வரைக்கும். செருப்பில்லாம நிக்கா. என்னையத்தான் பாக்கா. ஆனா... ஆமா, நீங்களே சொல்லிட்டீங்க. மொகம் தெளிவா இல்ல. ஃபோகஸ் அவ மேல வைக்கல, பின்னால பொண்ணு மாப்பிள்ளை நாற்காலி மேல வச்சிருக்கேன். அந்த நாற்காலித் துணியில ஜரிகையை எண்ணலாம். அவ மொகம் இருக்குன்னு தெரியுது, எப்படி இருக்குன்னு தெரியல. இருபத்திரெண்டு வருசத்துல நான் வச்சிருக்கது இது ஒண்ணு. இதைக் காட்டவா, வேண்டாமா? காட்டினா வருவாளா? காட்டாம இருந்தா, வேற என்னத்தைக் காட்ட?

ஃபுல் பிரேம்ல இப்படி ஆவாது. பின்னால உள்ளதெல்லாம் மங்கிரும், முன்னால நிக்க ஆளுதான் எடுப்பா தெரியும். ஃபோகஸ் மட்டும் நாம சரியா வைக்கணும். அதை மட்டும் கேமரா வைக்காது.

கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரா? சேர்ந்தமரம் வந்துட்டா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. படத்தைக் குடுங்க. நான் வாரேன்னு மச்சினன்கிட்டதான் சொன்னேன், அவகிட்ட சொல்லல. அவ வர மாட்டா. வீட்டுக்குத்தான் நடந்து போவணும்.

ஏ... அண்ணாச்சி, அன்னா அங்கன பாருங்க. பஸ் ஸ்டாப்பு மேடையில. அந்தக் கம்பத்தை ஒட்டி நிக்காளே, பச்சைச் சேலை. சேலை அவளுதுதான். அந்தக் கையும் அவ கைதான், வளையலைத் தள்ளித் தள்ளி விடுத கை. மேடை பூரா காலியாக் கெடக்கு பாருங்க, ஒரு ஈ காக்கா இல்ல. நடுவுல நிக்கலாம்லா? ஓரத்துலதான் நிக்கா.

நான்தான் பழக்கிட்டேன்.

மொகம் தெரிய மாட்டேங்குது. அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த ஷட்டரை முழுசா ஏத்துங்களேன்.